‘தாய் கூறியது’ என்ற கட்டத்தில் நான் எழுதியது

1. மயில் போட்ட கோட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பை நிறுத்திய அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

சங்கரன்கோவிலில் உள்ள ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். கடைசிப் பதினைந்து வருஷம் வார்டு இன்சார்ஜ். ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் எழுதப் போகிற தப்பு என்னுடையது. அதனால் என் பெயரை மட்டும் எழுதுகிறேன். பாக்கியம்.

பெரிய டாக்டர் காலத்தில் வார்டு என்றால் பட்டாளம் மாதிரி. தாய் ஒரு நேரம் வரலாம், தகப்பன் சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். ஊசி போடும் அறைக்குள் யாருக்கும் அனுமதி கிடையாது. பிள்ளையைப் பெட்ஷீட்டில் சுருட்டி, ஓர் ஆயா தலையைப் பிடிக்க, இன்னோர் ஆயா காலைப் பிடிக்க, நான் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்து, டிரிப் ஏற்ற லைன் போட்டுவிடுவேன். புளியங்குடி, ராயகிரிப் பக்கமிருந்தெல்லாம் நரம்பு கிடைக்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, “பாக்கியம் சிஸ்டர் இருக்காங்களா?” என்று கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலை நிறைய இருந்தது. இப்போது யோசித்தால் தலைக்குள் வேறு எதற்கும் இடமே இல்லை.

பெரிய டாக்டர் ஓய்ந்த பிறகு அவர் மகள் வந்தார். எல்லாருக்கும் டாக்டரம்மா. வந்த முதல் வாரமே சுவர் முழுக்க ஆடு, கிளி, ரயில் என்று படம் வரைய ஆள் விட்டார். கட்டில்களின் உயரத்தைக் குறைத்தார். ஸ்டோர் ரூமைக் காலி செய்து விளையாட்டு அறை ஆக்கினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், பிள்ளைகளுக்கு நம்மளைப் பார்த்தாலே பயம் வந்துருது. முதல்ல இந்த வெள்ளையை மாத்துவோம். அப்புறம், பிள்ளை இருக்குத இடத்துல தாயும் இருக்கட்டும். லைன் போடும்போதும் சரி, ரவுண்ட்ஸ் வரும்போதும் சரி. யாரையும் வெளியே நிக்க வைக்க வேண்டாம்.”

எனக்குக் கிடைத்தது மயில் படம் போட்ட இளநீலக் கோட்டு. ஐம்பத்திரண்டு வயதில் மயில். வீட்டுக்குப் போனதும் என் மகன் பார்த்துவிட்டு, “ஏம்மா, பால்வாடியில சேர்ந்திருக்கியா?” என்று கேட்டான். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருந்தேன். நேற்று வந்தவர் எனக்குப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறாரா என்ற எண்ணம்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலாக இருந்தது கேஸ் ஷீட்டில் அவர் புதிதாகச் சேர்த்த ஒரு கட்டம். ‘தாய் கூறியது’ என்று அதற்குத் தலைப்பு. தாய் என்ன சொல்கிறாளோ அதை அவள் வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

“நம்ம பாஷைக்கு மாத்தக் கூடாது சிஸ்டர். ‘பிள்ளை சொணங்கிக் கெடக்கு’ன்னு சொன்னா அப்படியே எழுதுங்க. பிள்ளையை இருபத்திநாலு மணி நேரமும் பாக்குதவங்க அவங்க. நாம அஞ்சு நிமிஷம் பாக்குதோம்.”

தலையை ஆட்டினேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். தாய் நாற்காலியில் உட்காரும் முன்பே கட்டத்தை நிரப்பிவிடுவேன். ‘காய்ச்சல் இரண்டு நாள். சாப்பிடவில்லை.’ ‘வயிற்றுப்போக்கு நேற்று முதல்.’ பிள்ளை முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா? இதற்கு ஒரு தாய் உட்கார்ந்து ராமாயணம் படிக்க வேண்டுமா? அப்படித்தான் நினைத்தேன்.

2. தொடையில் மண்

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பாதிப் பேர் கோயில் புற்றுமண்ணோடுதான் வருவார்கள். காய்ச்சல் என்றால் நெற்றியில், வயிற்றுவலி என்றால் தொப்புளைச் சுற்றி, கட்டி என்றால் கட்டியின் மேல். மண்ணைக் குழைத்துப் பூசி, அம்மனிடம் வேண்டிக்கொண்டு, அதன் பிறகுதான் பஸ் ஏறுவார்கள். அம்மன் மேல் எனக்கும் பக்தி உண்டு. என் வீட்டுப் பூஜை அலமாரியிலும் அந்த மண் ஒரு டப்பாவில் இருக்கிறது. ஆனால் வார்டுக்குள் மண் என்றால் எனக்கு ஆகாது. சேர்க்கை போட்டதும் முதல் வேலையாக ஈரப்பஞ்சால் துடைத்துவிடுவேன்.

“புண்ணுல பூசியிருந்தா எடுத்திருங்க சிஸ்டர். சும்மா தோல் மேல இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அவங்களுக்கு அது ஒரு தைரியம்” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் இருக்கும்போது விட்டுவிடுவேன். அந்தப் பக்கம் போனதும் துடைப்பேன்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த வாரம் அது. வார்டில் ஒரு கட்டில் காலி இல்லை. மேலநீலிதநல்லூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து மாரித்தாய் என்ற பெண் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை பெயர் முத்துச்செல்வி. தகப்பன் வேல்ச்சாமி ஆட்டுக்கிடையோடு எங்கேயோ போயிருந்தான், தகவல் சொல்லிவிட்டிருந்தார்கள். மாரித்தாய்க்கு அப்போது இருபத்திமூன்று, இருபத்திநாலு வயதுதான் இருக்கும்.

“என்ன செய்யுது பிள்ளைக்கு?”

“காய்ச்சல் சிஸ்டர். முந்தாநாள்ல இருந்து அனலாக் கொதிக்கா. ஒருக்களிச்சே கெடக்கா, எந்திரிக்கவே மாட்டேங்கா...”

“காய்ச்சக்காரப் பிள்ளை எந்திரிச்சு ஆடவா செய்யும்? சாப்பிட்டாளா?”

“இல்ல சிஸ்டர். அதுகூடப் பரவாயில்ல, இந்தக் காலைத் தொட்டா...”

“சாப்பிடலை. சரி.”

கட்டத்தில் எழுதிவிட்டேன். ‘காய்ச்சல் இரண்டு நாள். சாப்பிடவில்லை.’

ஆஸ்பத்திரி கவுன் மாட்டுவதற்காகப் பிள்ளையின் பாவாடையைக் கழற்றினேன். நெற்றியில் பொட்டு மண் இல்லை. வலது தொடை இடுக்கில், இடுப்போடு கால் சேரும் இடத்தில், மண் கனமாக அப்பியிருந்தது. ஓரம் இன்னும் காயக்கூட இல்லை.

“இது என்ன கோலம்? நெத்தியில பூசுவாங்க, வயித்துல பூசுவாங்க. நீ என்னடான்னா தொடை இடுக்குல கொண்டுபோய் அப்பி வச்சிருக்கே! ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கியா, கோயிலுக்கு வந்திருக்கியா?”

பக்கத்துக் கட்டில் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான். மாரித்தாய் முகம் சுண்டிப் போய்விட்டது.

“அங்கனதான் சிஸ்டர் அவளுக்கு...”

“போதும். டாக்டரம்மா வருத நேரம். அவங்ககிட்ட இந்த மண்ணுக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. காய்ச்சலைச் சொல்லு, போதும்.”

ஈரப்பஞ்சை எடுத்து அழுத்தித் துடைத்தேன். பிள்ளை வீறிட்டாள். “பஞ்சு ஜில்லுன்னு இருக்குல்லா, அதான்” என்று நானே ஒரு காரணமும் சொன்னேன். பசிக்கு அழுவது எது, பயத்துக்கு அழுவது எது, வலிக்கு அழுவது எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று நான் பீற்றிக்கொள்வது வழக்கம். அது வலிக்கு அழுத அழுகை. என் காதில் நன்றாகவே விழுந்தது. எனக்கு வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். துடைத்த பஞ்சைத் தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்து லைன் போட்டேன். ஒரே குத்துதான்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். அவர் வழக்கப்படி ஸ்டூலை இழுத்துப் போட்டு, தாயின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“சொல்லுங்கம்மா. பிள்ளைக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க நெனைக்கீங்க?”

மாரித்தாய் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“ரெண்டு நாளாக் காய்ச்சல் டாக்டர். தீனி எடுக்கலை. வேற ஒண்ணும் இல்ல.”

“சிஸ்டர், அவங்க சொல்லட்டும்.”

“சிஸ்டர் சொன்னதுதாம்மா” என்றாள் மாரித்தாய்.

டாக்டரம்மா பிள்ளையைப் பரிசோதித்தார். லைன் போட்ட கோபத்தில் அவள் எங்கே தொட்டாலும் கத்தினாள். காதைத் தொட்டாலும் கத்தல், வயிற்றைத் தொட்டாலும் கத்தல், காலைத் தொட்டாலும் அதே கத்தல். ரத்தப் பரிசோதனையில் கிருமி அதிகம் இருப்பது தெரிந்தது. எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. சிறுநீர் சுத்தம், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தோம். “ஃபோகஸ் கிடைக்கலையே சிஸ்டர்” என்று டாக்டரம்மா இரண்டு நாளும் புலம்பினார். கிருமி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்வார். அந்த இடத்தைத் தாய் மண்ணால் அடையாளம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் துடைத்துப் போட்டுவிட்டேன்.

3. மரக்குதிரை

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பிள்ளை சுவரில் இருந்த ஆட்டைப் பார்த்து ஏதோ சொன்னாள். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். “வாங்க முத்துச்செல்வி, குதிரை ஏறுவோம்” என்று தூக்கிக்கொண்டு விளையாட்டு அறைக்குப் போனார். நான் டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

மரக்குதிரைக்குப் பக்கத்தில் பிள்ளையைத் தரையில் நிற்க வைத்தார். அவள் இடது காலை மட்டும் ஊன்றினாள். வலது கால் மடங்கித் தொங்கியது. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு அலறினாள்.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. பாயில் படுக்க வைத்து, அந்தக் காலை விரல் நுனியால் தொட்டு, மெதுவாக அசைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இடுப்பு மூட்டுக்குள் சீழ். திருநெல்வேலிக்கு அனுப்பி உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று முடிவானது.

வேல்ச்சாமி அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தான். ஸ்கேன் அறை வாசலில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். டாக்டரம்மா கேஸ் ஷீட்டைத் திறந்து ‘தாய் கூறியது’ கட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை காலைப் பத்தி அம்மா ஒண்ணுமே சொல்லலையா சிஸ்டர்?”

யோசிக்க நேரம் இல்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. மண் என் கண் முன்னால் வந்தது. பஞ்சு வந்தது. பக்கத்துக் கட்டில் சிரிப்பு வந்தது. எல்லாம் வந்த பிறகுதான் நான் பதில் சொன்னேன்.

“இல்ல டாக்டர். காய்ச்சல்னு மட்டும்தான் சொன்னாங்க.”

என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

வேல்ச்சாமி பெண்டாட்டி பக்கம் திரும்பினான். “ஏட்டி, வீட்டுல ரெண்டு நாளாப் பிள்ளையைப் பாத்தவ நீதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?”

மாரித்தாய் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது அவள் தலை குனிந்திருந்தது.

“அவங்களை ஏசாதீங்க” என்றார் டாக்டரம்மா. “நானும் அந்தக் காலைத் தனியா அசைச்சுப் பாத்திருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு.” பிறகு மாரித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே எதுன்னாலும் பயப்படாமச் சொல்லணும்மா” என்றார்.

“சரிம்மா” என்றாள்.

தப்பே செய்யாத இரண்டு பேர் என் கண் முன்னால் என் தப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் நடந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் மூட்டு இவ்வளவு கெட்டிருக்காது என்று அங்கே எலும்பு டாக்டர் சொன்னாராம். வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் வளர்ந்தது. நடந்தால் விந்துவாள்.

4. நான் எடுத்த வகுப்பு

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. அடுத்தது இன்னும் கேவலம்.

டாக்டரம்மா ஒரு ஏற்பாடு செய்தார். புதிதாகச் சேரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு வகுப்பு. அதில் முத்துச்செல்வி கேஸைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வகுப்பு எடுக்கும் பொறுப்பு சீனியரான எனக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே! அதனால் எடுத்தேன்.

“சில தாய்மார் வாயைத் திறக்க மாட்டாங்க. கூச்சம், பயம். நாமதான் பக்குவமாப் பேசி வாங்கணும். இந்தக் கேஸ்ல பிள்ளை காலைப் பத்தி அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...” என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

முதல் சில வகுப்புகளில் அந்த இடம் வரும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடிப்பேன். பிறகு தண்ணீர் தேவைப்படவில்லை. மூன்று வருஷத்தில் அந்தப் பொய் எனக்குப் பாடமாகிவிட்டது. நடந்தது அதுதானோ என்று எனக்கே சில நாள் தோன்றும்.

அதன் பிறகு நான் ஒரு தாயின் பேச்சைக்கூட இடையில் வெட்டியதில்லை. சத்தியமாக. மண்ணோடு வந்தால் எங்கே பூசியிருக்கிறது, ஏன் பூசினாய் என்று கேட்டு எழுதுவேன். நான் திருந்திவிட்டேனே, அது போதாதா என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். ஆனால் காய்ச்சலோடு எந்தப் பிள்ளை வந்தாலும் டாக்டரம்மா ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்ப்பார். ஒரு நாள் அப்படிப் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளை ஞாபகம் போகவே மாட்டேங்குது சிஸ்டர். ஸ்டூலைப் போட்டு உக்காந்து கேட்டும் ஒரு தாய்க்கு என்கிட்ட சொல்லணும்னு தோணலையேன்னு இருக்கு” என்றார். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “விடுங்க டாக்டர்” என்றேன். எப்பேர்ப்பட்ட ஆறுதல் பாருங்கள்!

5. நீங்களே எழுதிக்கோங்க

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஒரு முற்பகல், ஓ.பி.யில் திரைக்கு இந்தப் பக்கம் நான் தடுப்பூசிப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அனிதா என்ற புது நர்ஸ் சேர்க்கை எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள்.

“சொல்லுங்கக்கா, தம்பிக்கு என்ன செய்யுது? நீங்க சொல்லுத மாதிரியே எழுதிக்கிடுதேன்.”

“நீங்களே எழுதிக்கோங்க.”

“இல்லக்கா, நீங்கதான் சொல்லணும்.”

“நான் சொல்லி என்ன ஆகப் போகுது? கடைசியில நீங்க எழுதினதுதான நிக்கும். நீங்களே எழுதுங்க.”

குரல் அடையாளம் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். மாரித்தாய். மடியில் ஒரு வயது ஆண்பிள்ளை, சளியும் காய்ச்சலுமாக. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயது முத்துச்செல்வி நின்றாள். பிறகு கையை விட்டுவிட்டு, விந்தி விந்தி விளையாட்டு அறைப் பக்கம் போனாள்.

நான் தலையை இழுத்துக்கொண்டேன். அனிதா திரையை விலக்கி உள்ளே வந்து, என் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

“சிஸ்டர், நீங்க கிளாஸ்ல சொல்லுவீங்கல்லா, அதே மாதிரி ஒரு அம்மா வந்திருக்காங்க. வாயைத் திறக்கவே மாட்டேங்காங்க. எப்படிப் பேசுதது?”

என் கையில் இருந்த பெட்டியை மேஜையில் வைத்தேன். அந்த அம்மா வாயைத் திறந்தவள்தான், மூன்று தடவை திறந்தாள், மூடியது நான் என்று அனிதாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. “நீ போய்ப் பக்கத்துல உக்காரு. அவசரப்படாத. அவங்க சொல்லுத வரைக்கும் பேனாவை எடுக்காத” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கூட்டம் குறைந்ததும் டாக்டரம்மா அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மண், பஞ்சு, “சொல்லாதே” என்று நான் மிரட்டியது, ஸ்கேன் அறை வாசலில் சொன்ன பொய். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மூணு வருஷம் சிஸ்டர்” என்றார். “எனக்குக் கேக்கத் தெரியலைன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்களும் பக்கத்துலயேதான் இருந்தீங்க.”

“தப்புதான் டாக்டர்.”

“என்கிட்ட சொல்லியாச்சு. அவ வீட்டுக்காரர் முன்னாலதான அன்னைக்குச் சொன்னீங்க? அவர் முன்னால போய்ச் சொல்லுங்க. அதுக்கப்புறம் புதுப் பிள்ளைகளுக்கு இதை எழுதிக் கொடுங்க. இந்தத் தடவை நடந்த மாதிரியே.”

அடுத்த மாத வகுப்பை அவரே எடுத்துக்கொண்டார். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தத் தாள்கள் அப்படி வந்தவைதான்.

6. மாரித்தாய் வீட்டில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வழியெல்லாம் வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டில் வேல்ச்சாமி இருந்தான். அவன் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாரித்தாய் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்நிலையில் நின்றாள். வா என்று சொல்லவில்லை.

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு வேல்ச்சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“அப்ப இவ அன்னைக்கே சொன்னாளா?”

“சொன்னா. நான்தான் கேக்கலை. டாக்டரம்மாகிட்ட சொல்லாதன்னும் நான்தான் மிரட்டினேன். சொல்லவே இல்லைன்னு பொய் சொன்னதும் நான்தான்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசல்நிலையிலிருந்து மாரித்தாய் அவனைப் பார்த்துப் பேசினாள். கத்தவில்லை.

“திருநெல்வேலி ஆஸ்பத்திரியில வச்சு உங்ககிட்ட இதத்தான சொன்னேன். ‘படிச்ச பொம்பளை, சிஸ்டரு, அவங்க பொய் சொல்லுவாங்களா, நீ தப்பிக்கப் பாக்கியா’ன்னு கேட்டீக. உங்கம்மா இன்னைக்கு வரைக்கும் ‘பிள்ளை காலைத் தின்னவ’ன்னுதான் என்னையப் பேசுதாக.”

அவன் அம்மா சொளகைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

“நடந்தது நடந்துபோச்சு. இந்தக் காலத்துல யாரு வீடு தேடி வந்து இப்படிச் சொல்லுவா? உங்களுக்குப் பெரிய மனசு சிஸ்டர்.”

வேல்ச்சாமி கடைக்குப் போய் ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி வந்தான். மூடியைத் திறந்து என் கையில் கொடுத்து, “வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க சிஸ்டர்” என்றான்.

அவன் என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு கூசியிருக்க மாட்டேன். பொய் சொன்ன அன்றும் மரியாதை எனக்குத்தான் கிடைத்தது. பொய் என்று ஒப்புக்கொண்ட அன்றும் எனக்கேதான் கிடைத்தது. இரண்டு பேரில் ஒருத்தராவது மாரித்தாய் பக்கம் திரும்பி, “தப்பா நெனச்சுட்டோம்” என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்தக் கலரை என்னால் குடிக்க முடியவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு ஓரமாக வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு “வாரேன்” என்று கிளம்பினேன்.

வாசல்நிலையைத் தாண்டும்போது மாரித்தாய் கூப்பிட்டாள்.

“சிஸ்டர்.”

நின்றேன்.

“டாக்டரம்மாகிட்ட சொன்னேன்னீங்க. இவருகிட்ட சொல்லிட்டீங்க, எங்க அத்தைகிட்டயும் சொல்லிட்டீங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.”

அவள் சொன்னது உண்மை. அவ்வளவு நேரமும் நான் வேல்ச்சாமியைப் பார்த்துத்தான் பேசியிருந்தேன். அவளைப் பற்றித்தான் பேசினேன், அவளிடம் பேசவில்லை. கேஸ் ஷீட் முன்னால் உட்கார்ந்து செய்ததையே அவள் வீட்டு முற்றத்தில் நின்றும் செய்திருந்தேன். என் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பையைக் கீழே வைத்தேன்.

“மாரித்தாய், நீ சொன்னது சரி. நீ இடத்தையே காட்டினே. நான் துடைச்சுப்புட்டேன். உன் பிள்ளை காலுக்கும் உனக்கு வந்த கெட்ட பேருக்கும் நான்தான் காரணம். என்னை மன்னிச்சிரும்மா.”

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, “இப்பதான் சிஸ்டர் நீங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசுதீங்க” என்றாள்.

புதுப் பிள்ளைகளே, நரம்பு பிடிக்கும் வித்தையை உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வேண்டியது இதுதான். தாய் பேசி முடிக்கும் வரை பேனாவைத் தொடாதீர்கள். டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே, அவளிடமே, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இது எனக்குத் தெரிய முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் ஆனது. அது போதாமல், ஒரு பிள்ளையின் காலும் போனது.